கனேலா நின்ற வாசல்

கயிற்றில் மிஞ்சியிருந்தது நீல நாடா ஒன்றுதான்.

திருவிழாக் குதிரைப் பந்தயத்தில் மற்ற நாடாக்களையெல்லாம் வில்மர் பறித்துக்கொண்டு போய்விட்டான். வடக்கே வேலைக்குப் போன அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கிய குதிரை அவனுடையது. திமிர் அதற்கும் இருந்தது, அவனுக்கும் இருந்தது.

நாடாவின் நுனியில் மோதிரம் அளவுக்கு ஒரு வளையம் தொங்கும். குதிரையில் பாய்ந்து வருகிறவன் பென்சில் நீளக் குச்சியை அதற்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால், இரவு சதுக்கத்தில் மரிம்பா வாத்தியம் வாசிக்கும்போது அந்த நாடாவைக் கட்டிய பெண்ணோடு முதல் ஆட்டம் அவனுக்குத்தான்.

நீல நாடா என் பக்கத்து வீட்டு நிகோலாசாவுடையது. புருஷன் செத்துப்போய் நாலு வருஷம். இந்த வருஷமாவது ஒரு நாடா கட்டடி என்று நச்சரித்தது நான்தான். ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டாள். எல்லாம் என் வாய் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றைக் கட்டியதும் நான்தான். ஒரு முனை அவள் வீட்டு ஜன்னல் கம்பியில், மறுமுனை எதிரே மின்கம்பத்தில்.

காலையில் நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது பால்காரன் திபுர்சியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, அந்த நீல நாடா மட்டும் எனக்குக் கெடைக்கணும். கயித்தக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்களேன்."

"எதுல ஏறி எடுக்கப் போற? பால் கேன்லயா?"

காது வரைக்கும் சிவந்துபோனான். ஊருக்கே பால் ஊற்றுகிறவன், யாரிடமும் ஒன்றும் கேட்டறியாதவன். எனக்குப் பாவமாகிவிட்டது. நிகோலாசா அவன் இருக்கிற திசைக்கே திரும்ப மாட்டாள். இந்தத் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு கோழிகூட முட்டையிடாது என்பதால் நிச்சயமாகச் சொல்கிறேன். விடியற்காலையில் மட்டும்தான் நான் தெருவில் இருக்க மாட்டேன், மாவு மில்லைத் திறக்கப் போய்விடுவேன்.

கயிற்றை ஒரு சாண் தாழ்த்திக் கட்டினேன்.

ஆனால் குதிரைக்கு நான் என்ன செய்ய முடியும்? அவனுடைய கனேலா பால் குதிரை. இத்தனை வருஷமாய்க் கேன் சுமந்துகொண்டு இதே தெருவில் வாசல் வாசலாக நின்று பழகியது. அதைக் கொண்டுவந்து அதே தெருவில் பந்தயத்துக்கு விடுவதற்குத் திபுர்சியோ ஒருவனால்தான் முடியும்.

ஒவ்வொரு நாடாவுக்கும் ஆளுக்கு மூன்று முறை ஓடலாம். முதல் முறை கனேலா வாத்தியார் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. வாத்தியார் சம்சாரம் உள்ளே ஓடிப்போய், வேண்டுமென்றே ஒரு செம்பை எடுத்துவந்து நீட்டினாள்.

இரண்டாம் முறை வாத்தியார் வீட்டைத் தாண்டிவிட்டது. ரொட்டிக் கடையில் நின்றது.

காப்பி பறிக்கிறவர்கள், மக்காச்சோளம் சுட்டு விற்கிறவர்கள் என்று தெருவில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிகோலாசா மட்டும் தன் வாசலில் நாற்காலி போட்டு, ஏப்ரனைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். திபுர்சியோவுக்கு அடுத்து வில்மருக்கு ஒரு முறை பாக்கி. நீலமும் அவனுக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

திபுர்சியோவின் கடைசி முறை. அவன் குதிகாலால் தட்டிய நேரம், கோயில் வாசலில் யாரோ ராக்கெட் விட்டார்கள். தலைக்கு மேலேயே வெடித்தது.

கனேலா பறந்தது.

அப்படி ஓடும் என்று அதற்கே தெரிந்திருக்காது. பயத்தில் வாத்தியார் வீட்டை மறந்தது, ரொட்டிக் கடையை மறந்தது. திபுர்சியோவின் தொப்பி ஒரு பக்கம் போனது. என்னையறியாமல் நானும் கத்தினேன்.

கயிற்றுக்குக் கீழே வந்ததும், நாலு காலும் ஆணி அடித்த மாதிரி நின்றது.

முன்னால் விழப்போனவன் பிடரி மயிரைப் பிடித்துத் தப்பித்தான். நிமிர்ந்து பார்த்தால், மூக்குக்கு நேரே வளையம். நிதானமாகக் குச்சியை நுழைத்து இழுத்தான். நீல நாடா அவன் கையோடு வந்தது.

"இது செல்லாது, ஓடிக்கிட்டே எடுக்கணும்" என்றான் வில்மர்.

நடுவர் எங்கள் ஊர் நாவிதர் சானோ. மீசையைத் தடவிக்கொண்டார். "ஓடித்தானப்பா வந்தான். நிக்கக்கூடாதுன்னு எவனும் சொல்லி வைக்கலையே."

தெரு முழுக்க விசில். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்ற சோளக்காரியைக் கட்டிக்கொண்டேன்.

கனேலாவோ அசைவதாக இல்லை. திபுர்சியோ தட்டினான், கெஞ்சினான். அது கழுத்தை நீட்டி நிகோலாசாவின் ஏப்ரன் பையை மூக்கால் இடித்தது. கிடைக்காமல் போக மாட்டேன் என்பதுபோல மறுபடியும் இடித்தது.

நிகோலாசா முகம் தக்காளியாய்ச் சிவக்க, பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து அதன் வாயில் வைத்தாள்.

சானோ இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்ப்பா திபுர்சியோ, இந்த வீட்லயும் நீதான் பால் ஊத்துறியா?"

"ஆமாண்ணே" என்றான் திபுர்சியோ அவசரமாக. "தெனமும் அரை லிட்டர்."

அந்த நேரம் பார்த்து, நிகோலாசா வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த அவளுடைய கறவைப் பசுக்கள் இரண்டும் ஒன்றாகக் கத்தின.