சதுரச் செதில்

நாற்பத்திரண்டு சதவீதம்.

சாதனா மௌஸை விடவில்லை. கையை எடுத்தால் நெட் போய்விடும் என்பது போல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

இங்கே டாக்குரியாவில் மாலை ஆறே கால். நியூயார்க்கில் பதிப்பாளர் கிரெக் இன்னும் கால் மணி நேரத்தில் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறப்பான். அதற்குள் பழைய ஃபைலின் மேல் புது ஃபைல் போய் உட்கார்ந்தாக வேண்டும்.

தப்பு அவளுடையதுதான்.

கம்ப்யூட்டரில் படம் போடுவது, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி. வானம் ஒரு தாள். டிராகன் ஒரு தாள். முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே தாளாக ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். அவசரத்தில் அடுக்கை அப்படியே அனுப்பிவிட்டாள்.

அடுக்கின் அடியில் ஒரு போட்டோ இருந்தது.

டிராகனின் நிறங்கள் அத்தனையும் அந்தப் போட்டோவிலிருந்து தொட்டுத் தொட்டு எடுத்தவை. நடுவில் ஊதா. ஓரத்தில் பச்சை. இன்னும் தள்ளி, அழுகிய மாம்பழ மஞ்சள். அதன்மேல் சதுரச் சதுரமாய்ச் செதில்கள்.

நெட்டில் படம் போடுகிற கூட்டமே கிறங்கிப்போய்க் கேட்டது, இந்தக் கலரை எங்கே பிடித்தாய் என்று. எல்லாம் கற்பனைதான் என்று பதில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிரெக் முதல்முறையாக ஒரு புத்தக அட்டையையே நம்பிக் கொடுத்தான். ஒப்பந்தத்தில் தனி வரி: அடுத்தவர் போட்டோவைத் தொட்டால் அட்டை கிடையாது.

"என்ன மகாராணி, உன் பாம்பு இன்னும் பறக்கலையா?"

ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த நரேன். புருஷன். அவளுக்கு வரும் மெயில் ஒன்றுவிடாமல் படிப்பவன். மானேஜர் இல்லாத ஆர்ட்டிஸ்ட் உண்டா என்பான். படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து பாலிகஞ்ச் ஆபீஸில் மேஜை மேஜையாய்க் கொடுப்பான். கீழ்வீட்டு போஸ் பாபுவிடம் 'மை வைஃப்' என்று ஆரம்பித்தால் முடிக்க அரை மணி நேரம்.

எழுபது. எண்பத்தெட்டு. கரண்ட் ஒரு தரம் கண் சிமிட்டிப் பிழைத்தது.

நூறு.

அப்பாடா என்று நாற்காலியில் சாயப்போனவள், சட்டென்று நிமிர்ந்துகொண்டாள்.

மெயில் வந்து விழுந்தது. கிரெக். இன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் வந்திருந்தான்.

'டிராகன் பிரமாதம். முதலில் அனுப்பிய ஃபைலின் அடியில் ஒரு போட்டோ பார்த்தேன். நீ எடுத்ததா, வேறு யாருடையதா? நீ எடுத்தது என்றால் பிரச்னையே இல்லை. அதில் இருப்பவரின் பெயரும் சம்மதக் கையெழுத்தும் அனுப்பு. அட்டை உன்னுடையது.'

ஒரு பெயர். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

ஹாலில் டிவி நின்றது. செருப்புச் சத்தம் கிளம்பியது.

சாதனா மடமடவென்று தட்டினாள். 'என்னுடையது இல்லை. நெட்டில் திருடியது. மன்னிக்கவும்.'

அனுப்பிவிட்டாள்.

நரேன் பின்னால் வந்து நின்று இரண்டு மெயிலையும் படித்தான். நிதானமாகப் படித்தான். உச்சுக் கொட்டினான்.

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இப்போ போஸ் பாபு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது, சொல்லு?"

குரல் உயரவேயில்லை.

போன மாதம் அவன் ஆபீஸ் போன பிறகு, பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கேமராவைத் தோளுக்கு மேல் பிடித்து, அவளே எடுத்த போட்டோ அது.

நரேன் போய் அறைக் கதவைச் சாத்தினான்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

பித்தளை பக்கிள். சதுரம்.