சுருக்குக் கம்பி

"இன்னைக்குக் காலையிலதான் மாட்டிச்சி, டொக்டர்…"

"இல்ல டொக்டர், இவரு…"

"நீ சும்மா இரு பாலம்மா!"

தெல்தெனியப் பக்கத்து விலங்குக் காப்பகத்தின் மேசையில் மயில் கிடக்கிறது. கண்ணை மறைத்தால் துடிக்காது என்று அதன் தலையைத் துவாயால் மூடிப் பிடித்திருக்கிறாள் பாலம்மா. துவாய்க்குக் கீழே நீலக் கழுத்து ஜன்னல் வெயிலில் வேகவேகமாய் ஏறி இறங்குகிறது. அவள் புருஷன் ராமையா மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்குக் கட்டிய கம்பி, மயிலின் காலில் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. பக்கத்துக் கூண்டில் இன்னொரு மயில் தகரத்தைக் கொத்துகிறது. டக், டக். டொக்டர் கிருஷாந்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிகிறார்.

"இன்னைக்கு மாட்டினதுன்னா கால காப்பாத்தலாம். நாளாகியிருந்தா இப்பவே கால எடுக்கணும். இல்லாட்டி விஷம் ஏறிச் செத்துரும். உண்மையச் சொல்லுங்கண்ணே."

ராமையா வாசலைப் பார்க்கிறார். மயிலைப் பிடித்தால் வழக்கு என்பது அவருக்குத் தெரியும். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்குகிறது. மணிக்கட்டில் சஷ்டிக் காப்புக் கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.

"நான் தினம் தோட்டத்துக்குப் போற ஆளு, டொக்டர். நேத்து கம்பி சும்மாதான் இருந்திச்சி."

டக், டக். துவாயைப் பிடித்த கையை எடுக்காமல் பாலம்மா அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"சஷ்டி விரதத்துல ரத்தம் பாக்கக் கூடாதுன்னு, ஆறு நாளா நீங்க கம்பிப் பக்கமே போகல தானே?"