பேச்சில் சேராதது

“அடுத்ததூ...” என்றாள் சிட்டு.

திரும்பிப் பார்த்தேன். எதுவுமே நடக்காததுபோல அவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பிரமை என்று நினைத்தேன்.

ஆனால் எங்களுக்கு முன்னால் காத்திருந்த பெரியவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். விந்தி விந்தி உள்ளே போயும் விட்டார்.

கதவருகே நின்ற அட்டெண்டர் கூப்பிடவே இல்லை. அவர் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு வயதில் என் மகள் பேசிய முதல் வார்த்தை. அதைக் கேட்டு ஒரு மனிதர் எழுந்து நடந்தார்.

அட்டெண்டருக்குப் புரைக்கேறிவிட்டது. “பாப்பா என் வேலைக்கே உலை வைக்குதே” என்று சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

கடைசி எழுத்தை அவர் இழுப்பதைப் போலவே இழுத்திருந்தாள். அலுப்புகூட அப்படியே இருந்தது.

இழுக்காமல் என்ன செய்வாள். அவளுக்கு உதவித்தொகை கேட்டு இந்த நலத்துறை அலுவலகத்துக்கு நாங்கள் நடக்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. ஒருநாள் கோப்பைக் காணவில்லை. ஒருநாள் டாக்டர் விடுப்பு. பிறகு விதி மாறிவிட்டது, பழைய சான்றிதழ் செல்லாது என்றார்கள். வந்த நாளெல்லாம் காலையிலிருந்து மதியம்வரை அவள் காதில் விழுந்துகொண்டே இருந்த சொல் இது ஒன்றுதான்.

பேச்சு வகுப்பு டீச்சர் அவளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து ‘அம்மா’ சொல்லவைக்கப் படாத பாடு பட்டார். வரவில்லை. இந்த பெஞ்சில் யாரும் சொல்லித்தராமலே ஒன்று வந்துவிட்டது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லப் போனை எடுத்தேன். விரல் தவறி அழைப்பு வேறு யாருக்கோ போய்விட்டது. ஏதோ ஒரு ஆண்குரல் யார் என்று கேட்டது. அடக்க முடியாமல் அந்த மனிதரிடமே சொல்லிவிட்டேன், என் பொண்ணு பேசிட்டா என்று. அவர் ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

கூட வந்திருந்த என் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிட்டுவுக்கு முத்தம் கொடுத்து ஈரம்கூடக் காயாத வாயோடு என் காதருகே குனிந்தாள்.

“உள்ள போய் மூச்சு விடக் கூடாது. அவளும் சரி, நீயும் சரி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த உதவித்தொகை ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைகளுக்கு. அது வந்தால்தான் நின்றுபோன பேச்சு வகுப்புக்கு அவளை மறுபடி அனுப்ப முடியும். அவளோடு இருப்பதற்காக நான் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டு நாளாகிவிட்டது. அதாவது, பேசாமல் இருந்தால் பேசக் கற்றுக்கொள்ளலாம். பேசிவிட்டால் இல்லை.

அக்காவைத் தப்பு சொல்ல முடியாது. கோப்பு காணாமல் போனபோது மேசை மேசையாக ஏறி இறங்கித் தேடிப் பிடித்தவள் அவள்.

ஏழு வருடமாக வராதா வராதா என்று கெஞ்சிய மனம் இப்போது பத்து நிமிடம் வராமல் இரு என்று கெஞ்சியது. அப்படிக் கெஞ்சும்போதும் உள்ளுக்குள் துள்ளல் நிற்கவில்லை. மடியில் கோழிக்குஞ்சை ஒளித்துவைத்ததுபோல இருந்தது. கையால் பொத்தப் பொத்த அது கீச்சிட்டது.

பெரியவர் வெளியே வந்தார். கூப்பிடாமல் ஏன் வந்தீர்கள் என்று உள்ளே கேட்டார்களாம். சிட்டுவைக் கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போனார். இந்த முறை அட்டெண்டரே கூப்பிட்டார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. பந்தை உருட்டினார், பொம்மையைக் காட்டினார், படப் புத்தகத்தைத் திருப்பினார். சிட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

குழந்தை ஏதாவது ஒரு வார்த்தையாவது சொல்லுமா என்று கேட்டார் டாக்டர்.

அக்கா முந்திக்கொண்டாள். எதுவும் கிடையாது என்றாள்.

தலையை ஆட்டத்தான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

இப்போது, வெளியில், ஒரு வார்த்தை சொன்னாள் என்றது என் வாய்.

மேசைக்கடியில் அக்கா என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் எப்படி இழுத்தாள், பெரியவர் எப்படி எழுந்து போனார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தகுதி போனால் போகட்டும். நாளைக்கே செக்கிங் மேசையில் போய் நிற்கிறேன். ஆனால் எங்கேயாவது ஓரிடத்தில், சர்க்காரின் காகிதத்திலாவது, அவள் பேசினாள் என்று இருக்க வேண்டும்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“ஒரு வார்த்தையெல்லாம் பேச்சுல சேராதும்மா. காதுல விழுந்தத திருப்பிச் சொல்லியிருக்கா, அவ்வளவுதான். பயப்படாதீங்க, தகுதி இருக்கு.”

கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து வரும் என்றார்.

அக்காவின் கால் என் கால்மேலிருந்து இறங்கியது. அவள் கண் கலங்க நன்றி சொன்னாள், காகிதங்களை அள்ளினாள், சிட்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வா என்று என் தோளைத் தட்டினாள்.

நான் நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“சேரும் டாக்டர்” என்றேன்.