கீறல் படாத முண்டு

அவள் மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். அண்ணன் மர முண்டின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

மழுங்கிய உளியால்தான் உரித்தான். கூர் உளி உள்ளே பாய்ந்துவிடும். பட்டைக்கு அடியில் மரம் சின்னச் சின்ன முட்களாக எழும்பி நிற்கும். அதில் ஒன்று ஒடிந்தாலும் அவனுக்கு மனசு ஆறாது. தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பச்சைப் பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல உரித்தான்.

ஒரு தொழிற்சாலை மதிலை ஒட்டி நின்ற மரம் அது. சாலையை அகலப்படுத்த வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தூளாக்கி அள்ளுவதற்குள் முண்டை மட்டும் எடுத்துக்கொள்ள அண்ணன் அனுமதி வாங்கினான். மேலே கிளை பிரியும் கவட்டுக்குப் பக்கத்தில், கழலைபோலப் புடைத்து, ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்திருந்தது.

“உங்கண்ணன் மூஞ்சியைப் பாத்து மரம் காப்பி அடிச்சிருக்கு” என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் அவள் கணவன் அதை அறுத்து எடுக்க அன்று காலையில் கிளம்பினான்.

ஏறுவது எப்போதும் அவன். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே நின்று பிடிப்பது அண்ணன்.

அன்றைக்குக் கிளை முறிந்தது. ரம்பம், முண்டு, மனுஷன் எல்லாம் ஒன்றாகக் கீழே வந்துவிட்டன என்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள்தான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

காரியம் முடிந்ததும் அவள் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பட்டறையில் கூடமாட வேலை செய்தாள். கணவன் கடைசியாகத் தொட்ட மரம் என்பதால் இந்த முண்டின் மேல் அவளுக்கு ஓர் ஒட்டுதல். அதன் அறுபட்ட பக்கத்தில் மெழுகு பூச வேறு யாரையும் விடவில்லை. பூசாமல் விட்டால் ஈரம் சட்டென்று வெளியேறி மரம் வாய் பிளந்துவிடும்.

பாதி பூசியிருந்தபோது கடைசல்காரர் வந்தார். பெரிய பெரிய கிண்ணங்களாகக் கடைந்து கண்காட்சிகளுக்கு அனுப்புகிறவர். இப்படி ஒரு முண்டு கிடைக்காதா என்று பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர்.

முண்டைச் சுற்றி வந்தார். குனிந்தார். விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார்.

“எவ்வளவு உசரத்துல இருந்துச்சு?”

“மூணு மாடி உசரம் இருக்கும்” என்றான் அண்ணன்.

“விழுந்ததா இருந்தா எனக்கு வேணாங்க. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள மயிரிழை மயிரிழையா விரிசல் விட்டிருக்கும். கடையற வேகத்துல சிதறி மூஞ்சியிலயே அடிக்கும்.”

அண்ணன் உளியைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

கடைசல்காரர் அவள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. விழுந்துச்சா, இல்லையா?”

ஒரு மனுஷரின் முகத்தில் அடி விழுகிற விஷயம். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“விழுந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரரோட சேந்துதான் விழுந்துச்சு.”

அவர் முண்டின் மேலிருந்து கையை எடுத்தார். கீழே வைத்திருந்த பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். பிறகு முண்டைப் பார்த்தான். முண்டைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

“அவ அங்க இல்லைங்க, அவளுக்குத் தெரியாது. கயிறு கட்டி நான்தான் இறக்கினேன். பூ மாதிரி இறங்குச்சு. எங்கயாவது ஒரு கீறல் இருந்தா சொல்லுங்க, இப்பவே அடுப்புல வெச்சுடறேன்.”

கடைசல்காரர் மறுபடியும் குந்தி உட்கார்ந்தார். இன்னும் உரிக்காத பட்டையில் கயிறு அழுத்திய தடம் சுற்றிலும் ஓடியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“கெட்டிக் கைதான் உங்களுக்கு” என்றார். “இவ்வளவு கனத்தைத் தனியாளா நின்னு நிதானமா இறக்கியிருக்கீங்க.”

காய்ந்ததும் சொல்லி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியது.

“நம்மகிட்ட இருந்தது ஒரு கயிறுதானே அண்ணா” என்றாள்.

அவன் குனிந்து பட்டைச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“இடுப்புலேர்ந்து கொஞ்ச நேரம் கழட்டிக் குடுங்கன்னுதான் மாப்ளைகிட்ட கேட்டேன். இது இறங்கினதும் திருப்பி மேல வீசிடலாம்னு இருந்தேன்.”

“வீசலையா?”

“கீழ வந்ததும் இதைச் சாக்கு விரிச்சு, அலுங்காம உக்கார வைக்க வேண்டியிருந்துச்சும்மா” என்றான். “மாப்ளையும் மேலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு.”

சில்லுகளைச் சாக்கில் கொட்டினான். போகிற போக்கில் மெழுகுச் சட்டியை எட்டிப் பார்த்தான்.

“ஆறிப்போச்சு பாரு. நல்லா கொதிக்க வை.”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.