நாலாவது கோன்

கேட்டில் 'டெய்லர் தேவை' போர்டு தொங்கியது. உள்ளே வந்த இளைஞன் வாயைத் திறப்பதற்குள், மாடிப்படியில் நின்ற பனியன் கம்பெனி முதலாளி ஆத்தப்பன் காலி நூல்கோன் ஒன்றை அவனை நோக்கி வீசினார். அவன் அலட்டிக்கொள்ளாமல் பிடித்தான்.

"பேரென்ன கண்ணு?"

"ஜெயபாண்டி சார். நான் வந்தது..."

"இரு, இரு."

இரண்டாவதை உயரத் தூக்கிப் போட்டார். அதை ஒற்றைக் கையில் பிடித்தான். மூன்றாவது கோன் ஃபேன் காற்றில் சிக்கித் திசை மாறியது. ஜெயபாண்டி அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, அது விழப்போகும் இடத்தில் போய்க் கையை விரித்தான்.

ஆத்தப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "இன்னைக்கே வேலைக்குச் சேந்துக்க கண்ணு."

"ஏனுங்க, தைக்கத் தெரியுமான்னு கேக்கவே இல்லீங்களே?" என்றாள் மேனேஜர் சுபஸ்ரீ.

"அதெல்லாம் பழகிக்கலாமுங்க. ஞாயித்துக்கெழம பல்லடம் கம்பெனியோட கிரிக்கெட் மேட்ச். போன வருசம் நம்ம பசங்க கேட்ச்சை விட்டுத்தானுங்க கப்பு போச்சு."

ஜெயபாண்டி மூன்று கோன்களையும் பவ்யமாகப் படியில் அடுக்கி வைத்தான்.

"மேட்ச் எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாக சார். நான் பல்லடம் கம்பெனி விக்கெட் கீப்பரு."

ஆத்தப்பன் கையில் மிச்சமிருந்த நாலாவது கோன் நழுவியது.

அதையும் அவன் பிடித்துவிட்டான்.