தின்ற பக்கம்

"முடிவு நிச்சயமில்லைன்னா இங்கிலீஷ்ல என்னடா?" கேட்கும்போதே அப்பாவின் அறை விழுகிறது. இன்சோக்கின் உதடு கிழிந்து, காலை வெயில் மினுங்கும் கிம்ச்சி ஊறுகாய்த் தட்டில் ரத்தம் சொட்டுகிறது. "ரெண்டு தடவை என்ட்ரன்ஸைக் கோட்டை விட்டாச்சு. படிக்கிற பசங்க மனப்பாடமானாத்தானே டிக்‌ஷனரிப் பக்கத்தைக் கிழிச்சுத் திம்பானுங்க? நீதான் பக்கம் பக்கமாத் தின்னுட்டியே, வயித்துல கெடக்கிறது வாய்க்கு வரலையா?" படிக்காமலே மென்று விழுங்கியதை எப்படிச் சொல்வான்? மேசை உதைபட்டுப் புரள்கிறது. கொதிக்கும் சூப் அவன் தொடையில் கொட்டுகிறது. "இன்கன்க்ளூசிவ்!" என்று அலறுகிறான். சரியா என்று அவனுக்கே தெரியாது. அப்பா ஒரு கையை ஓங்கியபடியே மறு கையால், சரிபார்க்க, அகராதியைப் புரட்டுகிறார். அந்த வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கிறது. இன்சோக்கின் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கைக்குள் மடங்குகின்றன.