முதல் வண்டி

மறுபடியும் ஓர் உதை. வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

“கிளம்பித் தொலையேன், சனியனே!” என்று வெர்லின் ஹௌக்ஸ்டாட் போட்ட கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. தெருவில் ‘இரும்புக் கழுதைகள்’ சங்கத்தார் தங்கள் வண்டிகளை உறுமவிட்டபடி காத்திருந்தார்கள். ஆட்களும் கிழம், வண்டிகளும் கிழம். தலைவர் வெர்லினின் வண்டி முன்னால் போனால்தான் ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு மற்ற வண்டிகள் நகரும்.

ஷெட் வாசலில் நின்ற அவர் மனைவி ஆர்டிஸ், ஏப்ரன் பைக்குள் கையை விட்டு அந்தச் சின்ன உருளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனி அளவு கண்டன்சர். அது இல்லாவிட்டால் இஞ்சினில் தீப்பொறி வராது, எப்பேர்ப்பட்ட பழைய ஹார்லியும் வெறும் இரும்புதான்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள்தான் கழற்றினாள். டப்பாவில் கிடந்த மாற்றுக் கண்டன்சர்களையும் விட்டுவைக்கவில்லை. இத்தனை வருஷம் வண்டிப் பைத்தியத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன!

வேறு என்ன செய்வாள், பாவம்? போன வசந்தத்தில், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே வெட்டிய மரமாகச் சாய்ந்தார். இதயம் நினைத்தபோது நின்று நின்று ஓடுகிறது, இனி வண்டியைத் தொட்டால் சவப்பெட்டியில்தான் வீடு திரும்புவீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“நான்தான் முன்னாடி போவேன். சங்கத்துல எவன்கிட்டயாவது வாயத் தொறந்தே, அப்புறம் தெரியும் சேதி!” என்று வெர்லின் அன்றைக்கே மனைவியை மிரட்டியாகிவிட்டது.

சங்கத்தில் வண்டி படுத்தால் அவமானமே இல்லை. கிழட்டு இரும்பு, அதன் இஷ்டம் என்று சிரித்தபடி பின்னால் வரும் வேனில் ஏற்றிவிடுவார்கள், ஓட்டுகிறவனும் அதிலேயே ஜம்மென்று உட்கார்ந்து வருவான். ஆனால் உடம்பு முடியவில்லை என்று எவனாவது சொன்னால், ஜாக்கெட் முதுகில் தைத்திருக்கும் கழுதைச் சின்னத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சங்கத்தை விட்டே போக வேண்டியதுதான். அந்த விதியைப் போட்டதே வெர்லின்தான்.

இப்போது அவர் குனிந்து, டைமர் மூடியைத் திறந்தார். கண்டன்சர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

உள்ளே பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டுத் திருகினார். “கார்புரேட்டர்தான் வம்பு பண்ணுது” என்றார்.

கண்ணைக் கட்டிவிட்டாலும் இஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிற மனுஷனாயிற்றே! உடம்போடு சேர்ந்து புத்தியும் போய்விட்டதா? ஆர்டிஸ் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேன் ஓட்டும் டூலி ஸ்பானரோடு உள்ளே வந்தான். “தள்ளுடா கிழவா, நான் பாக்கறேன்.”

“கைய வெட்டிடுவேன்! நானே வெட்டி, நீட்டி, பத்தவச்சு, பெயின்ட் அடிச்ச வண்டி. ஒரு பய தொடக்கூடாது!”

“சரிடா சாமி, தொடலை. இன்னும் கொஞ்ச நேரம் பாரு, இல்லேன்னா வேன்ல ஏத்திடுவோம். முன்சீட்ல உக்காந்து என் தலைய தின்னுட்டு வா.” டூலி சிரித்துக்கொண்டே வெளியே போனான்.

வெர்லின் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பெட்ரோல் டாங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்தார். தோள்கள் குலுங்கின. பெற்ற தாயைப் புதைத்த அன்றுகூட அழாத மனிதர் விம்மி விம்மி அழுதார்.

“என் கதை இத்தோட முடிஞ்சுது ஆர்டிஸ். இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லை.”

உசிரைக் காப்பாத்தறேன்னு கிளம்பி, ஆளையே கொன்னுட்டேனே! ரோட்டில் விழுந்து சாவது ஒரு சாவென்றால், இந்த ஷெட்டுக்குள் இப்படிக் குன்றிப்போய்ச் சாவது மட்டும் வாழ்வா? எது நடந்தாலும் நடக்கட்டும். அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“வெர்லின், என்னைத் திட்டு, என்ன வேணா பண்ணு. நான்தான் கழட்டினேன்.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “இந்தா, மாட்டு. நீ ஆசைப்பட்ட மாதிரியே முன்னாடி போ. நான் குறுக்க வரமாட்டேன். எப்படியாவது... எப்படியாவது திரும்பி மட்டும் வந்துடு.”

வெர்லின் அவசரமாகத் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார். டூலி தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

“மூடியைத் திறந்தப்பவே தெரியும்... அதை மாட்டச் சொல்லாதே ஆர்டிஸ், எனக்குப் பயமா இருக்கு.”